மனம் திறந்து சொன்னது தவறா?

சகோதரி ஒருவர் எழுதி அனுப்பியிருக்கிறார், வாசிக்கிறேன். "ஐந்து மாதக் கரு கலைந்த பிறகு என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. வீட்டு ஜெபக்கூட்டத்தில் அதை அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். 'விசுவாசக் குறைவு, ஏதோ மறைவான பாவம் இருக்கும், உங்களையே ஆராய்ந்து பாருங்கள்' என்றார்கள். இனி யார் கேட்டாலும் 'கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கேன்' என்று சொல்லிவிடலாமா?"

இல்லைம்மா. நீங்கள் சொன்னதில் தவறே இல்லை. கேட்டவர்கள்தான் அவசரப்பட்டுவிட்டார்கள்.

1 சாமுவேல் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளையில்லாத அன்னாள், சீலோவில் இருந்த கர்த்தருடைய ஆலயத்தில் ஒரு பிள்ளை வேண்டும் என்று அழுது ஜெபிக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. வாசல் நிலைப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பார்த்துவிட்டு, "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்?" என்கிறான். குடித்திருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டான். "என்னம்மா ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் சொந்தப் பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும் பலியின் இறைச்சியையே பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அவன் அடக்கவில்லை என்று அடுத்த அதிகாரங்களில் வாசிக்கிறோம்.

அன்னாள் என்ன செய்தாள்? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று நேராகச் சொன்னாள். ஏலியும் பிடிவாதம் பிடிக்காமல், "சமாதானத்துடனே போ" என்று ஆசீர்வதித்து அனுப்பினான். அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டாள், அவள் முகம் துக்கமாக இருக்கவில்லை. இதைக் கவனியுங்கள், அவள் கேட்ட பிள்ளை சாமுவேல் அப்போது இன்னும் கருவில்கூட உருவாகவில்லை.

ஏலியைக் குறை சொல்லிவிட்டு என்னுடையதை மறைக்கக் கூடாது. எங்கள் சபையில் பெரியவர் ஒருவர், காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தவுடன் எழுந்து வெளியே போய்விடுவார். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். நான் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் பிரசங்கத்திலேயே, "பை வரும்போது சிலருக்கு வெளியே வேலை வந்துவிடுகிறது" என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் மனைவிதான் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அவருக்குப் புராஸ்டேட் தொந்தரவு, சிறுநீரை அடக்க முடியாது. பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்பதால் அந்த நேரம் போனால் யார் கண்ணிலும் படாது என்று பார்த்துப் போயிருக்கிறார். காணிக்கைக் கவரை உள்ளே வரும்போதே வாசல் பெட்டியில் போட்டுவிடுவாராம். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டார். ஆனால் அவர் குனிந்த தலை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

"காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்று நீதிமொழிகள் 18:13 சொல்லுகிறது. அந்த வெட்கம் எனக்குத் தெரியும். இதற்காகப் பாவத்தைப் பாவம் என்று சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோற்றத்தின்படி தீர்ப்புச் செய்யாதீர்கள் என்று சொன்ன அதே வசனத்தில்தான் ஆண்டவர் இயேசு, நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள் என்றும் சொன்னார், யோவான் 7:24. நீதியின்படி என்றால் முதலில் முழுவதையும் கேட்க வேண்டும், இல்லையா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் மற்றச் சீஷர்களை ஓரிடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அந்த மூன்று பேரிடம்தான், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். அவரே சொன்னார் அம்மா. துக்கத்தைச் சொல்வது விசுவாசக் குறைவு என்றால் அவரை என்னவென்று சொல்வோம்? அந்த மூவரும் தூங்கிவிட்டார்கள், அது வேறு. ஆனாலும் அவர் சொன்னார்.

அதனால் கூட்டத்தில் சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரு அக்காவோ அத்தையோ இருப்பார்கள், அவர்களிடம் சொல்லுங்கள். "நல்லா இருக்கேன்" என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். "இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கு, ஜெபம் பண்ணிக்கோங்க" என்றால் போதும்.

ஜெபிக்க முடியவில்லை என்றீர்களே, 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். 18 வசனம்தான். கடைசி வரைக்கும் இருட்டாகவே போய் முடிகிற சங்கீதம் அது, அதுவும் வேதத்தில் இருக்கிறது. வாசித்து முடித்து அழுகை வந்தால் அழுங்கள். நானும் என் மனைவியும் இன்றைக்கு ராத்திரி உங்களுக்காக ஜெபிக்கிறோம்.

அடுத்த கேள்வியை எடுத்துக்கொள்வோம்.