பாடநூல் படத்துல இருக்கிற செல் எங்கேயுமே இல்ல

வணக்கம் பிள்ளைங்களா. பினாங்கு ஆயர் ஈத்தாம்லேர்ந்து பேசுறேன். மத்தியானத்துலேர்ந்து நல்ல மழை, அந்தச் சத்தமும் சேர்ந்துதான் கேட்கும், பொறுத்துக்குங்க. இன்னைக்கு என் சமையல்கட்டு மேசைதான் ஆய்வுக்கூடம். மைக்ராஸ்கோப் இருக்கு, ஒரு பெரிய வெங்காயம் இருக்கு, ரோயோ இலை இருக்கு, உப்பு இருக்கு.

போன வாரம் டியூஷன்ல படிவம் 4 பிள்ளைங்ககிட்ட வெங்காயத் தோல் செல்லை வரையச் சொன்னேன். பாதிக்கு மேல பச்சைப் பென்சிலை எடுத்து, வரிசையா குளோரோபிளாஸ்ட், அதாவது இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கிற செல் உறுப்பு, போட்டுட்டாங்க. நான் படிச்சப்பவும் இதேதான் போட்டேன். ஆசிரியர் சிவப்பு மையில ஒரு கோடு அடிச்சார், ஏன்னு சொல்லல. அந்த "ஏன்" எனக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது. உங்களுக்கு இன்னைக்கே புரியணும்.

வெங்காயத்தை நாலா வெட்டி, ஒரு இதழைப் பிரிச்சு எடுக்கிறேன். உள்பக்கம், குழிஞ்சிருக்கிற பக்கம், அங்க மெல்லிசா ஒரு சவ்வு வரும். இடுக்கியால மெதுவா உரிங்க. இது ஒரே ஒரு அடுக்கு செல். கண்ணாடித் துண்டுல சுருங்காம விரிச்சு, அயோடின் ஒரு சொட்டு. மேல மூடுற சின்ன கண்ணாடியைச் சாய்ச்சு, ஒரு ஓரத்துலேர்ந்து இறக்கணும். தட்டையா டப்புன்னு போட்டா காற்றுக் குமிழ் மாட்டிக்கும். கறுப்பு வளையம் போட்ட வட்டமா தெரியுமே, அது குமிழ்தான். அதைப் பார்த்து, செல்லை நடத்துற மையமான நியூக்ளியஸ்னு வரையற பிள்ளைங்க ரொம்பப் பேர்.

இப்போ போனை கண்வில்லைகிட்ட வைக்கிறேன். கொஞ்சம் ஆடும்... ஆங், தெரியுதா? செங்கல் அடுக்கின மாதிரி. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள்ள மூணு நாலு செங்கல் அடங்கிடும். அந்தக் கோடுதான் செல்சுவர், பள்ளியில மலாய்ல டிண்டிங் செல்னு படிக்கிறீங்களே, அது. ஒவ்வொரு செங்கல்லயும் பழுப்பா ஒரு புள்ளி, அது நியூக்ளியஸ். அது பெரும்பாலும் ஓரமா ஒதுங்கி நிற்குது பாருங்க. நடு இடத்தை வாக்குவோல்ங்கிற நீர் நிறைஞ்ச பை பிடிச்சுக்கிட்டு, மத்த எல்லாத்தையும் சுவரோரமா தள்ளிடுச்சு.

பச்சை எங்கயாவது தெரியுதா? ஒரு பொட்டுகூட இல்ல. வெங்காயம்னு நாம சாப்பிடறது மண்ணுக்குள்ள சாப்பாட்டைச் சேர்த்து வைக்கிற இலையடி. உள்ள இருக்கிற இதழுக்கு வெளிச்சமே படாது. வெளிச்சம் இல்லாத இடத்துல குளோரோபிளாஸ்டுக்கு என்ன வேலை? அதே செடியோட மேல இருக்கிற தாள் பச்சையா இருக்கும். அங்க இருக்கு, இங்க இல்ல.

மைட்டோகாண்ட்ரியா? அது இதுக்குள்ள இருக்கு. ஆனா ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா வர்ற ஒரு பங்கு அளவு தடிமன், நிறமும் கிடையாது. அதனால இந்த மைக்ராஸ்கோப்புல தெரியாது. செடிக்குக் குளோரோபிளாஸ்ட், மிருகத்துக்கு மைட்டோகாண்ட்ரியான்னு பங்கு பிரிச்சு எழுதாதீங்க. படிவம் 5 முடிவுல எழுதற எஸ்.பி.எம். பரீட்சையில மார்க் போற இடம் இது. குளோரோபிளாஸ்ட் வெளிச்சத்தை வச்சு சர்க்கரை செய்யும். அந்தச் சர்க்கரையிலேர்ந்து செல்லுக்கு வேண்டிய சக்தியை எடுத்துக் கொடுக்கிறது மைட்டோகாண்ட்ரியா. மண்ணுக்குள்ள இருக்கிற வேருக்கும் சக்தி வேணும்தானே.

பாடநூல்ல ஒரு முழுப் பக்கத்துக்குச் செல் படம் இருக்கும், எல்லா உறுப்பும் நிறைஞ்சு. அது கல்யாண வீட்டுல எடுக்கிற குரூப் போட்டோ மாதிரி. ஈப்போ சித்தி, ஜொகூர் மாமா, எல்லாரும் ஒரே படத்துல நிற்பாங்க. அதுக்காக எல்லாரும் ஒரே வீட்டுல குடியிருக்காங்கன்னு சொல்ல முடியுமா? உங்க இரத்தச் சிவப்பணுவைப் பாருங்க. முதிர்ந்த சிவப்பணுவுல நியூக்ளியஸ் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினுக்கே முழு இடத்தையும் விட்டுக் கொடுத்துட்டு, ஏறக்குறைய 120 நாள் ஓடும். கல்லீரல் செல்லுக்கு ஓயாத வேலை, அதுல மைட்டோகாண்ட்ரியா நூற்றுக்கணக்குல, ஆயிரத்துக்கு மேலயும் இருக்கும். செரிக்க வைக்கிற நொதியைச் செய்யற கணையச் செல்லுல, புரதம் செய்யற ரைபோசோம் ஒட்டின சவ்வு வலை, எண்டோபிளாச வலைன்னு பேர், அடுக்கடுக்கா இருக்கும், ஏன்னா புரதம் செஞ்சு வெளிய அனுப்பறதுதான் அதோட தொழில். வேலையைப் பாருங்க, உறுப்பு தானா ஞாபகம் வரும். பட்டியலா மனப்பாடம் பண்ணாதீங்க.

எல்லா உயிரும் செல்லால ஆனதுங்கிற செல் கோட்பாடும் இப்படித்தான், பார்த்துப் பார்த்து வந்தது. 1665-ல ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிசா சீவிப் பார்த்தார். குட்டி குட்டி அறையா தெரிஞ்சது, செல்னு பேர் வச்சார். ஒரு அங்குல நீளத்துல 1,080 அறைன்னு கணக்குப் போட்டு, ஒரு கன அங்குலத்துக்கு 125 கோடிக்கு மேலன்னு எழுதினார். ஆனா அவர் பார்த்தது செத்த செல்லோட சுவர் மட்டும். உள்ள ஒண்ணும் இல்லாத வீடு. உயிரோட நீந்தற நுண்ணுயிரைப் பார்த்துச் சொன்னவர் ஹாலந்துல துணி வியாபாரம் செஞ்ச லேவன்ஹூக். வில்லையை அவரே தேய்ச்சுச் செஞ்சுக்கிட்டார். நியூக்ளியஸுக்குப் பேர் வச்ச ராபர்ட் பிரவுன் 1831-ல அதைக் கவனிச்சது ஆர்க்கிட் செடியில. நம்ம ஊர்ல வீட்டு வாசல்ல தொங்குதே, அந்தக் குடும்பம்தான்.

1838-ல ஷ்லைடன் செடியெல்லாம் செல்லால ஆனதுன்னார், அடுத்த வருஷமே ஷ்வான் மிருகமும் அப்படித்தான்னார். ஆனா புதுச் செல் எங்கேர்ந்து வருதுங்கிறதுல ரெண்டு பேருமே தப்பு பண்ணிட்டாங்க. உப்புத் தண்ணியில படிகம் விளையற மாதிரி புதுசா உருவாகும்னு நினைச்சாங்க. இல்ல, ஒரு செல் ரெண்டாப் பிரிஞ்சுதான் இன்னொரு செல் வருதுன்னு கோழிக்கருவைப் பார்த்துச் சொன்னவர் ராபர்ட் ரெமாக், 1852-ல. பாடநூல்ல 1855-ல சொன்ன விர்ச்சோ பேர்தான் இருக்கும். பரீட்சையில விர்ச்சோன்னே எழுதுங்க. ஆனா ரெமாக் பேரையும் மனசுல வச்சிருங்க, அது அவருக்குச் சேர வேண்டியது.

கடைசியா ரோயோ இலை. மேல பச்சை, அடியில ஊதா. ஃபிளாட் வராந்தா பூச்சட்டியில நிறைய பார்த்திருப்பீங்க. அடிப்பக்கத் தோலை உரிச்சு வச்சிருக்கேன். ஒவ்வொரு கட்டமும் முழுசா ஊதா. அந்த நிறம் வாக்குவோல்ல இருக்கிற நிறம், அதனால வெங்காயத்துல தெரியாத வாக்குவோல் இங்க கண்ணுக்கு நேரா தெரியுது. இப்போ ஒரு ஓரத்துல உப்புத் தண்ணி விடறேன், எதிர் ஓரத்துல டிஷ்யூவால உறிஞ்சறேன்.

பாருங்க... பாருங்க, சுருங்குது! சுவர் அப்படியே நிற்குது, ஊதா மட்டும் உள்ள இழுத்துக்கிட்டு உருண்டையாகுது. தண்ணி வெளிய போகுது. இதுதான் பிளாஸ்மோலிசிஸ். பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்ல ஜெருக், அதான் ஊறப்போட்ட பழம், விக்கிறாங்களே, மாங்காயை உப்புல போட்டா தண்ணி விட்டுச் சுருங்குமே, அங்கயும் இப்படித்தான் தண்ணி வெளிய வருது.

இப்போ உப்பை எடுத்துட்டு நல்ல தண்ணி விடறேன். செல் உயிரோட இருந்தா தண்ணியைத் திரும்ப உள்ள இழுத்துக்கும். கொஞ்சம் நேரம் ஆகும், நான் பேசல, நீங்களும் பாருங்க.

...அந்த இடது மூலையில, மூணாவது கட்டம். விரியுது. சுவரைத் தொட்டுடுச்சு.