ஏரி கரைக்கும் ஊர்

அவையோருக்கு வணக்கம். கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோ என்றதும் இங்கு வாழும் தமிழரான நம்மவருக்கு நினைவில் எழுவன கடைத்தெருக்களும் கோவில்களும் அடுக்குமாடிகளுமே. ஊரின் தெற்கு விளிம்பு பெரும் மண்சுவராக நின்று ஒன்ராறியோ ஏரிக்குள் சரிந்துகொண்டிருப்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமான இச்சரிவு, உயர்ந்த இடத்தில் நீர்மட்டத்திலிருந்து 90 மீட்டர் வரை எழுகிறது. வெள்ளைப் பாறை போலத் தெரிந்தாலும் அது பாறையன்று; பனியுகத்தில் பழைய ஆறொன்று தன் கழிமுகத்தில் படியவிட்ட களியும் மணலும் அடியில் கிடக்க, பின்வந்த பனிப்பாளங்கள் அரைத்துவிட்டுப் போன மண்ணும் கல்லும் அதன்மேல் ஏறிய அடுக்குகள். இளவேனிலில் கீழே நின்று பார்த்தால், மணலுக்கும் களிக்கும் இடையே நீர் கசிந்து சுவர் நனைந்திருப்பதும், அடிவாரத்தில் மரமொன்று வேரோடு கவிழ்ந்து கிடப்பதும் கண்ணில் படும்.

1793 இல், மேல் கனடாவின் (இன்றைய ஒன்ராறியோவின் தென்பகுதி) துணை ஆளுநர் சிம்கோவின் மனைவி எலிசபெத், இக்கரையைக் கண்டு இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைத்து அப்பெயரை இட்டார். பெயர்தான் புதிது, குடியிருப்பு புதிதன்று. 1956 இல் ஸ்காபரோவின் டேபர் குன்றில் மண் அகழ்ந்தபோது வெண்டாட் என்னும் பூர்வகுடி மக்களின் முன்னோருடைய கூட்டுப் புதைகுழி வெளிப்பட்டது. அவர்கள் ஐரோப்பியருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்கள். வேளாண் ஊராயிருந்த ஸ்காபரோ, இரண்டாம் உலகப்போருக்குப் பின் தொழிற்சாலைகளும் வீட்டுத் தொகுதிகளுமாக விரிந்து, 1983 இல் நகரத் தகுதி பெற்றது. இலங்கையின் யூலைக் கலவரம் நம்மில் பலரை ஊரைவிட்டுப் புறப்பட வைத்த ஆண்டும் அதுவே. 1998 இல் அது ரொறன்ரோவோடு இணைக்கப்பட்டது.

ஆயினும் என்னைப் பெரிதும் வியக்கவைப்பது சரிந்த மண் போய்ச்சேரும் இடம். அலைகள் அதைக் கரையோரமாக மேற்கே நகர்த்திச் சென்று, ரொறன்ரோத் துறைமுகத்தின் முன் நீண்ட மணல்திட்டாகக் குவித்தன. 1858 இல் ஒரு புயல் அத்திட்டை அறுத்துத் தீவாக்கியது. நகரத்தார் கோடையில் படகேறிச் செல்லும் ரொறன்ரோத் தீவுகளின் மணலில் ஸ்காபரோவின் பங்கு பெரிது.

அடிவாரத்தில் கல் அடுக்கி அலையைத் தடுத்தால் மேலேயுள்ள வீட்டாருக்கு ஓரளவு ஆறுதல், முற்றிலும் அல்ல. உள்ளே கசியும் நிலத்தடி நீர் மேல்விளிம்பைச் சரித்துக்கொண்டேயிருக்கும். தடுத்த அளவுக்கு மேற்கே தீவுகளுக்குப் போகும் மணலும் குறைகிறது.