மீசையில் மண்

(வேலூரில் பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கோப்பைகளை வாங்கித் தந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, மூன்று நாளும் இந்த வேலூர் வெயிலில் ஓடி ஓடி விசில் ஊதிய நடுவர் தம்பிகளே, பிள்ளைகளுக்கு மோர் ஊற்றிய தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். நான் உடற்கல்வி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தபோது, விளையாட்டுச் சாமான் அறையின் சாவியை என் கையில் கொடுத்து, "பந்து கிழிஞ்சா கணக்கு எழுதாதே, புதுசு கேளு" என்று சொன்ன மனிதர் அவர். அப்படி ஒரு தலைமையாசிரியர் கிடைப்பது பெரிய கொடுப்பினை. வணிகர் சங்கத் தலைவரோ, கோப்பை கேட்கப் போனவர்களுக்கு டீயும் வாங்கிக் கொடுத்து, ஒன்று கேட்டதற்கு மூன்றாகக் கொடுத்தவர். எனக்குப் போர்த்திய பொன்னாடையை, இறுதி ஆட்டத்தில் பெனால்டியைப் பிடித்தானே அந்தப் பையன், அவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கப் போகிறேன்.

சரி. 'கோல்கீப்பரின் விளையாட்டு வாழ்க்கை' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். ஒரு கோல்கீப்பர் எப்படி உருவாகிறான், எத்தனை வருஷம் தாங்குகிறான், அவனுக்கு அதில் பிழைப்பு உண்டா.

நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லையாம். வீண் ஜம்பம் அடிப்பவனைச் சொல்லும் பழமொழி அது. கோல்கீப்பருக்கு அது பொருந்தாது. அவன் மீசையில் மண் ஒட்டியே ஆக வேண்டும். ஆட்டம் முடிந்து சட்டையில் மண் இல்லாமல் வருகிற கோல்கீப்பரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இங்கே பெண்பிள்ளைகள் அணியிலும் மூன்று கோல்கீப்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மீசை இல்லாவிட்டால் என்ன, முழங்கையைப் பாருங்கள், அங்கே இருக்கிறது மண். 2015-ல் நம் நாட்டு அதிதி சவுகான் லண்டனில் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணிக்குக் கோல் காத்தார். அவரும் ஒரு காலத்தில் இப்படி விழுந்து எழுந்த பிள்ளைதான்.

கோல் கம்பத்தின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. பெனால்டி புள்ளி அங்கிருந்து 12 கஜம். ஓங்கி உதைத்தால் பந்து அரை வினாடியில் கோட்டைத் தாண்டிவிடும். அதற்குள் யோசித்து முடிவு பண்ணி ஒரு பக்கம் பறக்க வேண்டும். பறப்பதைப் பார்த்து எல்லோரும் கைதட்டுகிறோம். பறந்தவன் எங்கே வந்து இறங்குகிறான் என்பதை யாரும் பார்ப்பதில்லை. விழுவதற்கு ஒரு முறை உண்டு. முழங்கையை ஊன்றி விழக்கூடாது, வயிறு மோத விழக்கூடாது. தொடை, இடுப்பு, தோள் என்று பக்கவாட்டில் வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். முதலில் உட்கார்ந்தபடி சாயப் பழகி, அப்புறம் முட்டி போட்டு, அப்புறம் குந்தியிருந்து, கடைசியில்தான் நின்றபடி பாய வேண்டும். எங்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தது பாலாற்று மணல். ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷங்கள்தான் அதிகம், ஆனால் மணல் இடுப்பளவு கிடந்தது. எத்தனை தடவை விழுந்தாலும் தாய்மடி மாதிரி வாங்கிக்கொள்ளும். இப்போது அந்த மணல் எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். திருவண்ணாமலையும் திருப்பத்தூரும் சேர்ந்து வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலம். மாவட்டப் போட்டிக்காக எங்கள் பள்ளியிலிருந்து ஒரு வெளியூருக்குப் போனோம். பஸ்ஸில் பாதிப் பேர் நின்றுகொண்டே பயணம். என் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை ஆட்டத்துக்கு முன்னால் சாப்பிடக்கூடாது என்று மாஸ்டர் பிடுங்கி வைத்துக்கொண்டார். அந்த மைதானத்தில் அதற்கு முந்தின மாதம்தான் பொருட்காட்சி நடந்து முடிந்திருந்தது. ராட்டினம் நின்ற இடத்தில் குழி, கடை போட்ட இடத்தில் சோடா பாட்டில் சில்லு. நாங்கள் அரைமணி நேரம் பொறுக்கினோம். பார்வைக்குச் சுத்தமாக இருந்தது.

இரண்டாம் பாதியில், எதிரணி சென்டர் ஃபார்வர்டு என் வலது பக்கம் தரையோடு ஒரு பந்து அடித்தான். பாய்ந்தேன். பந்து நெஞ்சுக்குள் வந்துவிட்டது. அதே நேரம் முட்டிக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. கூடாரக் கயிறு கட்டிய இரும்பு முளை ஒன்று, பிடுங்காமல் விட்டது, ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. ரத்தத்தைப் பார்த்ததும் எங்கள் பையன்கள் தள்ளி நின்றுவிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் ஓடி வந்தார். முறுக்கு மீசை, நிமிர்ந்த நடை, பார்த்தாலே பட்டாளத்துக்காரர் என்று தெரியும். கம்மவான்பேட்டைக்காரர். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்துக்குப் போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தன் தோள் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டு, "இன்னாடா, பந்து எங்கே?" என்று கேட்டார். "நெஞ்சுல இருக்குதுங்க ஐயா" என்றேன். "அப்போ கோல் ஆகலை. அழாதே" என்றார்.

என்னால் அதற்குமேல் ஆட முடியவில்லை. லெஃப்ட் பேக் பையனைக் கம்பத்தில் நிறுத்தி ரெண்டு கோல் வாங்கித் தோற்றோம். ஓரத்தில் என்னோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர்தான் பீட்டர் தங்கராஜைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர். ராணுவத்தில் சேர்ந்து நீலகிரி வெல்லிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்கு ஆடியவர் தங்கராஜ். முதலில் சென்டர் ஃபார்வர்டு, அப்புறம்தான் கோல்கீப்பர். நம் நாட்டின் பழம்பெரும் கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பையை அந்த அணி 1955-லும் 1958-லும் வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்தபோது நம் கம்பத்தில் நின்றவர் அவர்தான். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்கு வரவே இல்லை. 1967-ல் அர்ஜுனா விருது வாங்கினார். இவ்வளவையும் சொல்லிவிட்டு பெரியவர் என் காலைப் பார்த்தார். "அங்கே புல் இருந்துச்சு தம்பி. அவர் விழுந்தா எழுந்துக்குவாரு. இங்கே நீ விழுந்தா உன்னைத் தூக்கிட்டுப் போக வேண்டியிருக்குது" என்றார். அந்தத் தழும்பு இன்னும் என் காலில் இருக்கிறது. வேண்டுமானால் கூட்டம் முடிந்ததும் காட்டுகிறேன்.

எத்தனை வருஷம் தாங்குவான் என்றால், மற்ற ஆட்டக்காரர்கள் ஓய்வுபெறும் வயதில்தான் கோல்கீப்பர் பழுக்கிறான். இத்தாலியின் டினோ ஸோஃப் 1982-ல் உலகக் கோப்பையைத் தலைவராக நின்று வாங்கியபோது அவருக்கு வயது 40. அதே நாட்டுக் கோல்கீப்பர் பஃபான் 1995-ல் 17 வயதில் பார்மா அணிக்கு இறங்கி, 2023 வரை ஆடினார். 28 வருஷம்! எத்தனை ஆயிரம் தடவை விழுந்திருப்பார்? அந்த உடம்பு 45 வயது வரை உழைத்தது என்றால், பயிற்சியிலும் ஆட்டத்திலும் அவருக்குக் கிடைத்த தரைக்கும் அதில் பங்கு உண்டு. நம் பிள்ளைக்கு 15 வயதிலேயே முட்டி போய்விடுகிறது. மீசை முளைக்கும் முன்னே மண்ணுக்குப் பதிலாக ஜல்லி ஒட்டுகிறது.

பிழைப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான். நம் இந்திய அணிக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து நார்வே வரை போய் ஸ்டாபெக் அணிக்கு ஆடினார், அதை மட்டும் நினைவில் வையுங்கள். இன்று எனக்கு அதைவிட அவசரமான காரியம் இருக்கிறது.

நம் மைதானங்களைப் பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் வண்டி நிறுத்தவும் விடக்கூடாது. இதைப் பதினோரு வருஷமாகச் சொல்லி வருகிறேன். வாடகை வாங்குகிறவர்கள் குழியை மூடுவதில்லை, ஆணியைப் பொறுக்குவதில்லை. பந்தல் போட்டவர்கள் போய்விடுவார்கள், மறுநாள் அங்கே விழப்போகிறது பதின்மூன்று வயதுப் பிள்ளை. சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்கித் தங்கம் வாங்கினார். ஒரு கூடமும் இரும்பும் கொடுத்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு அவர் சாட்சி. கோல்கீப்பர் பிள்ளைக்கு நான் கேட்பது கூடம்கூட இல்லை. புல்.

முழு மைதானத்துக்கும் கேட்கவில்லை. கம்பத்துக்கு முன்னால் இருக்கும் சின்னக் கட்டம் 60 அடிக்கு 18 அடி, அதாவது 1080 சதுர அடி. இரண்டு பக்கமும் சேர்த்து 2160. நம் கணக்கில் ஒரு கிரவுண்டு மனைகூட ஆகவில்லை. ஜல்லியைச் சலித்து எடுத்துவிட்டு, அரை அடி நல்ல மண் போட்டு, அருகம்புல் நட்டால் போதும். வெளிநாட்டு விதை எதுவும் வேண்டாம். 'அருகுபோல் வேரோடி' என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அதே அருகு. பெரிய பெரிய மைதானங்களிலும் அதன் இனம்தான் வளர்கிறது. வெயில் தாங்கும், மிதிபட்டாலும் துளிர்க்கும். சாயங்காலம் தண்ணீர் விட நானும் என் பழைய மாணவர்களும் முறை போட்டுக்கொள்கிறோம். மாமன்ற உறுப்பினர் அம்மா ஒரு குழாய் இணைப்புக்கு ஏற்பாடு செய்வதாக மேடை ஏறும் முன் சொன்னார்கள். அவர்களுக்கு என் கைகூப்பிய நன்றி.

மேடைக்கு இடப்பக்கம் மேசையில் மனு இருக்கிறது. இரண்டே கோரிக்கை: மைதானத்தை வாடகைக்கு விடக்கூடாது, கம்பத்துக்கு முன்னால் புல் வேண்டும். பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். காலை ஒன்பதரைக்கு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பேன். இந்தப் போட்டியில் ஆடிய கோல்கீப்பர்கள் எல்லோரும், பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆடிய அதே சட்டையோடு வாருங்கள். துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.