பழைய ஸ்வெட்டர் மூட்டையைப் பிரித்தேன்: டொராண்டோ ஃபால் வ்லாக்

வணக்கம் மக்களே. சத்தம் சரியாகக் கேட்கிறதா? பின்னால் 'உஸ்' என்று வருவது ஹீட்டர். அணைத்தால் நான் நடுங்கிக்கொண்டே பேசுவேன், அதனால் ஓடட்டும்.

அக்டோபர் இரண்டாவது வாரம், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதி. காலையில் பால்கனிக் கதவைத் திறந்தபோது 6 டிகிரி. மதியம் 15 வரை போகும் என்று போன் சொல்கிறது. இந்த ஊரில் ஸ்வெட்டருக்கென்று அமைந்த காலம் இதுதான், அதுவும் நவம்பர் பாதி வரைதான். அப்புறம் மேலே பார்க்கா என்கிற தடித்த குளிர் கோட்டு ஏறிவிடும். உள்ளே பட்டு போட்டிருந்தாலும் பழைய நைட்டி போட்டிருந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

கடைகளில் புது ஸ்வெட்டர்களைக் குவித்துவிட்டார்கள். நானும் போன வாரம் இரண்டு மணி நேரம் சுற்றினேன். செங்கல் நிறத்தில் ஒன்று, அவ்வளவு அழகு. உள்ளே லேபிளைத் திருப்பிப் பார்த்தால் 80 டாலர், 100 சதவீதம் அக்ரிலிக், அதாவது முழுக்கச் செயற்கை இழை. வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை கிடக்கிறதே, முதலில் அதற்கு வழி பார்ப்போம். இதோ, கொட்டியிருக்கிறேன். மொத்தம் 14. போன வருடம் நான் மாற்றி மாற்றிப் போட்டது நாலுதான்.

முதலில் இந்த நீலம். நான் கனடா கிளம்புவதற்கு முன்னால் அப்பா ஊட்டிக்குக் கூட்டிப்போய், திபெத்தியர் மார்க்கெட்டில் வாங்கிக்கொடுத்தது. ஊட்டிக் குளிருக்கு அது போதும். இங்கே வந்து முதல் நவம்பரில் பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் தெரிந்தது, காற்று அதற்குள் வீடு மாதிரி வந்து போகிறது. அக்ரிலிக். அங்கே விற்கும் ஸ்வெட்டர் பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வருவது. அப்பாவுக்கு இன்னும் அது கம்பளிதான். நானும் மாற்றிச் சொல்லவில்லை.

கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். அக்குள் பக்கம் பாருங்கள், கடுகு அளவில் உருண்டை உருண்டையாக நூல் பந்து கட்டியிருக்கிறது. கைப்பை உரசும் இடுப்புப் பக்கமும் அப்படித்தான். உரசல் இருக்கும் இடத்தில் இழையின் நுனி வெளியே வந்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கிறது. கம்பளியிலும் இது வரும், ஆனால் கம்பளி இழை அவ்வளவு பலமில்லை, பந்து சீக்கிரம் உதிர்ந்துவிடும். அக்ரிலிக் இழை உறுதி, பந்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது.

இந்த நூல் பந்தை வெட்டி எடுக்கும் சின்ன மெஷின்தான் லின்ட் ரிமூவர். அதை அப்படியே எடுத்து உழாதீர்கள். துணியை மேஜைமேல் தட்டையாக விரித்து, இடது கையால் லேசாக இழுத்துப் பிடித்து, மெஷினை அழுத்தாமல் வட்டமாக ஓட்ட வேண்டும். சுருக்கம் இருந்தால் பிளேடு அதைக் கவ்வி ஓட்டை போட்டுவிடும். கேட்கிறதா, கரகரவென்று? அந்தச் சத்தம் குறைந்தால் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். பத்து நிமிடம் ஆயிற்று. இப்போது பாருங்கள், இதுவா அது? வெளியே போக வேண்டாம், வீட்டுக்குள் போட்டுக்கொள்ள இது போதும்.

அடுத்தது இந்தச் சாம்பல் நிறம். பழைய துணிக் கடையில் 9 டாலருக்கு எடுத்தேன், லேபிளை யாரோ வெட்டிவிட்டார்கள். கம்பளியா இல்லையா என்று தெரிய வேண்டும். உள்தையலிலிருந்து ஒரு சின்ன நூல் எடுத்திருக்கிறேன். இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்து, நெருப்பு காட்டுகிறேன். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் செய்யாதீர்கள். ஆ, தலைமுடி கருகும் வாசனை! சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகிவிட்டது. இது கம்பளி. அக்ரிலிக்காக இருந்தால் உருகி, ஆறியதும் கெட்டியாக ஒரு மணி மாதிரி நின்றிருக்கும். ஒன்பது டாலர், மறந்துவிடாதீர்கள்.

கம்பளி குத்துகிறது என்று நிறைய பேர் சொல்கிறீர்கள். எல்லாக் கம்பளியும் குத்தாது. தடித்த இழை தோலில் பட்டால் வளையாது, ஊசி மாதிரி நிற்கும். மெரினோ என்கிற ஆட்டு வகையின் நல்ல கம்பளி இழை அவ்வளவு மெல்லிசு, தடிமன் 20 மைக்ரானுக்கும் கீழே (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தோலில் பட்டதும் வளைந்துவிடும். இந்தச் சாம்பல் கொஞ்சம் குத்தும் ரகம்தான், அதனால் உள்ளே எப்போதும் சட்டை.

சரி, இப்போது சோகக் கதை. இந்தக் கடுகு மஞ்சள் கார்டிகன், முன்பக்கம் திறந்து பட்டன் போடும் ஸ்வெட்டர். நான் ஆசைப்பட்டு முழு விலை கொடுத்து வாங்கிய ஒரே ஒன்று. கழுத்துப் பட்டையைப் பாருங்கள், ஓட்டை. ஒன்று, இரண்டு, மூன்று. மற்ற இடத்தில் ஒன்றுமில்லை. ஏன் கழுத்தில் மட்டும்?

தேங்காய் எண்ணெய்! தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னலைப் பின்னால் விட்டுக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்டேன். துவைக்காமல் மடித்து வைத்தேன். அந்துப்பூச்சியின் புழு கம்பளியில் இருக்கும் கெரட்டின் என்கிற புரதத்தைத் தின்னும், அதிலும் வியர்வையும் எண்ணெயும் ஊறிய இடமென்றால் தேடிப்போய்த் தின்னும். பறக்கும் பூச்சி ஒன்றும் தின்பதில்லை, முட்டையிடுவதோடு அதன் வேலை முடிந்தது.

அம்மாவிடம் போனில் புலம்பினேன். "ஏண்டி, பாச்சை உருண்டை நாலு போட்டு வெக்க வேண்டியதுதானே?" என்றாள். "அம்மா, அந்த நாத்தம் கம்பளியை விட்டுப் போகவே போகாது, அந்தப் புகை பிள்ளைக்கும் நல்லதில்ல" என்றேன். "நீ மட்டும் அந்த வாசனையிலதானே வளந்த?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் செய்தது ஃப்ரீசர் வைத்தியம். ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, மைனஸ் 18இல் ஒரு வாரம். மூன்று நாளாவது கண்டிப்பாக வைக்க வேண்டும், புழுவும் முட்டையும் சாக. வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் ஈரம் துணிமேல் படியும். துருவிய தேங்காய்க்கும் முருங்கைக்காய் பாக்கெட்டுக்கும் நடுவே இது ஒரு வாரம் கிடந்தது. என் கணவர் சாம்பாருக்கு முருங்கைக்காய் எடுக்கப் போய், கையில் கார்டிகனோடு வந்து நின்றார்.

ஓட்டைக்கு டார்னிங், அதாவது ஊசி நூலால் பின்னி அடைப்பது. அதே நிற நூல் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை. மெரூன் கம்பளி நூலில் மூன்று சின்னப் பூவாகப் போட்டுவிட்டேன். யாரும் ஓட்டை என்று சொல்ல மாட்டார்கள்.

துவைப்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த தண்ணீர், கம்பளிக்கான சோப்பு திரவம், பத்து நிமிடம் ஊறல். கசக்காதே, பிழியாதே. டவலில் வைத்துச் சப்பாத்தி ரோல் மாதிரி சுருட்டி அழுத்தி, தட்டையாகக் காயப்போடு. கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் முட்டிவரை நீளும். ஹாங்கரும் கூடாது, தோளில் கொம்பு முளைக்கும்.

இன்னொன்று, தாளிப்பு. கம்பளி வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆபீஸ் லிஃப்டில் நின்றபோது என் மேலிருந்தே வெங்காயமும் பெருங்காயமும் வந்த நாளை நான் மறக்கவில்லை. இப்போது சமையலுக்கென்று ஒரு பழைய பருத்தி மேல்சட்டை, படுக்கையறைக் கதவு சாத்தல், ஸ்வெட்டரைக் கழற்றினால் ஒரு ராத்திரி பால்கனிக் காற்று. ஈரக் காற்று என்றால் இன்னும் நல்லது.

சரி, போட்டுக் காட்டுகிறேன். நான் ஐந்தடி ஒரு அங்குலம். அந்தக் கயிறு திரித்த மாதிரி தடித்த ஸ்வெட்டர் என் மேல் சுருட்டி வைத்த மெத்தை. அதைத் தோழிக்குக் கொடுத்துவிட்டேன், அவள் உயரம். மேலும், சப்வே ரயிலுக்குள் ஏறினால் தடித்த ஒன்றைக் கழற்றவும் முடியாது, வியர்வை. மெல்லிசாக இரண்டு அடுக்குதான் இந்த ஊருக்கு.

சாம்பல் ஸ்வெட்டருக்குள் வெள்ளைச் சட்டை, காலரும் கைமடிப்பும் மட்டும் வெளியே. முன்பக்கம் ஒரு கைப்பிடி துணியை மட்டும் ஜீன்ஸுக்குள் சொருகினால் இடுப்பு தெரிகிறது, பின்னால் தளர்வாக விடுங்கள். கார்டிகனை எல்லா பட்டனும் போட்டு டாப் மாதிரி போடலாம், அல்லது பருத்திக் குர்த்திமேல் திறந்து விடலாம். குர்த்திமேல் என்றால் கார்டிகன் இடுப்போடு நிற்க வேண்டும். தொடைவரை வந்தால் இரண்டு பாவாடை கட்டிய மாதிரி ஆகிவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கழுத்தை மூடும் கறுப்பு டர்டில்நெக், மெல்லிசு மெரினோ, சேலை பிளவுஸுக்குப் பதிலாக. மேலே பச்சைக் காட்டன் சேலை. தீபாவளிக்கு இங்கே சேலைமேல் கோட்டு போட்டு அழகையெல்லாம் மூடிக்கொண்டு போவோமே, அது தேவையில்லை. சேஃப்டி பின் குத்தும்போது மட்டும் கவனம். பின்னல் இழையை ஊசி கிழித்தால் கண்ணி விட்டுப் பின்னல் பிரிந்து ஓடும். தோளின் உள்பக்கம் ஒரு துண்டு ரிப்பன் வைத்து, அதோடு சேர்த்துக் குத்துங்கள், கனத்தை ரிப்பன் தாங்கிக்கொள்ளும். சங்கிலி போடுவதாக இருந்தால் வழவழப்பான கொக்கி உள்ளது போடுங்கள், என் அட்டிகை ஒரு நூலை இழுத்துவிட்டது. இழுத்த நூலை வெட்டாதீர்கள், கொக்கி முனை உள்ள குரோஷா ஊசியால் உள்பக்கம் இழுத்துவிட்டால் போதும்.

கடைசியாக இந்தச் சிவப்பு. மெரினோ. கீழே லாண்டரி ரூமில் டிரையருக்குள் போய்விட்டது. யார் போட்டார்கள் என்று கேட்காதீர்கள், அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். ஆட்டு ரோமத்தில் செதில் இருக்கிறது. சூடும் ஈரமும் உருட்டலும் சேர்ந்தால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு துணி சுருங்கிவிடும். ஆறு வயது மகளுக்குச் சரியாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஹேர் கண்டிஷனர் கலந்து அரைமணி ஊறவைத்து, கையால் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருக்கிறேன். கை நீளம் 17 அங்குலத்திலிருந்து 19க்கு வந்திருக்கிறது. முழுதாகக் கட்டிப்பட்ட துணி திரும்பாது, இது பாதிதான் கட்டியிருக்கிறது. என் கைக்கு இன்னும் மூன்று அங்குலம் வேண்டும்.

இதோ டவலில் விரித்திருக்கிறேன், இன்னும் ஈரம். மகள் வந்து தொட்டுப் பார்த்து, "அம்மா, இது எனக்குத்தானே?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். கேமராவை அணைக்கிறேன், இன்னொரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும்.