பீடம் சுகோத்தாயில், புத்தர் பாங்காக்கில்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் வரலாற்று ஆர்வலர்களுக்கும் வணக்கம்.

ஐந்தாறு நாட்களில் தாய்லாந்தின் பழைய கோயில்களையும் தலைநகரங்களையும் பார்த்துவர எப்படித் திட்டமிடுவது என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்குக்குள் புகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்நாட்டில் கோயில் ஓர் ஊரில் இடிந்து நிற்கும். அதில் வீற்றிருந்த புத்தரோ வேறோர் ஊரில் வழிபாடு பெறுவார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி நாட்களை வகுத்துக்கொள்ளாதவர் பாதியைத்தான் பார்த்துத் திரும்புவார்.

இதை நான் கற்றது என் தவற்றால். முதல் பயணத்தில், பழைய தலைநகரான சுகோத்தாயின் வாட் மகாதாத் வளாகத்தில் (வாட் என்றால் கோயில்), செம்புறாங்கல் தூண்கள் வரிசையிட்டு நிற்கும் பெரிய மண்டபத்தில், ஒரு வெறும் பீடத்தைக் கண்டேன். தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து, பாங்காக்கில் வாட் சுதாத்துக்குள் அமர்ந்து, அண்ணாந்து பார்க்க வைத்த அந்த வெண்கலப் புத்தரின் வரலாற்றைப் படித்தபோதுதான், அந்தப் பீடத்துக்கு உரியவர் இவரே என்பது புரிந்தது. 14ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்ட அச்சிலையின் பெயர் சிறீ சாக்கியமுனி. மடியின் அகலம் மட்டும் 6 மீட்டருக்கு மேல். திரும்பிப் போய் அந்தப் பீடத்தை மறுபடி பார்க்க எனக்கு நாள் இல்லை.

ஏன் இப்படி இடம் மாறின என்பதை அறிய 1767ஆம் ஆண்டை நினைவில் கொள்ள வேண்டும். 1351இல் நிறுவப்பட்டு நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராய் இருந்த அயுத்தயாவைப் பர்மியப் படை அவ்வாண்டு எரித்து அழித்தது. 1782இல் பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் இராமா, இடிந்த நகரங்களிலும் வடக்கே கைவிடப்பட்ட கோயில்களிலும் வெயிலிலும் மழையிலும் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தர் சிலைகளைத் திரட்டித் தம் நகரக் கோயில்களில் அமர்த்தினார். புது நகரின் மதிலுக்கு அயுத்தயாவின் செங்கற்களே ஆற்று வழியே கொண்டுவரப்பட்டன. சாக்கியமுனியும் 1808இல் ஆற்றில்தான் வந்து சேர்ந்தார். இதைச் சூறையாடல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு எரிந்தபின் பூசையறைப் படங்களை எடுத்துக்கொண்டு வேறு வீடு போகும் குடும்பத்தின் செயலாகவே எனக்கு அது தோன்றுகிறது.

ஆகவே பாங்காக்கில் தொடங்கி, காலத்தில் பின்னோக்கிச் செல்லும் வழியை நான் பரிந்துரைக்கிறேன். இதற்கு வசதியாக, வடக்கு இரயில் பாதை அயுத்தயா, லோப்புரி, பிட்சனுலோக் என்று அதே ஒழுங்கில் செல்கிறது. பாங்காக் தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை என்பதால், பயணத்தைப் புதன்கிழமை தொடங்குவது நல்லது. 1833இல் இளவரசர் மோங்குட் சுகோத்தாயில் கண்டெடுத்த மன்னர் இராம்காம்ஹெங்கின் கல்வெட்டு அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. நீரில் மீன் உண்டு, வயலில் நெல் உண்டு என்று தன் நாட்டின் வளத்தைச் சொல்லும் அந்தக் கல்லைப் பார்த்த கண்ணோடு சுகோத்தாய்க்குச் சென்றால், அங்குள்ள குளங்களும் வேறாகத் தெரியும்.

வாட் சுதாத்தின் எதிரே செந்நிற மரத்தூண்களாலான பேரூஞ்சல் நிற்கிறது. பக்கத்திலேயே 1784இல் எழுந்த, அந்தணர்களின் கோயிலான தேவஸ்தானம். இங்கு நடக்கும் திரியம்பாவை விழாவின் பெயர் நம் திருவெம்பாவையிலிருந்து வந்தது. அவ்விழாவில் ஊஞ்சலாடும் சடங்கு 1935க்குப் பின் நின்றுவிட்டாலும், தாய் அந்தணர்கள் ஓதுவதில் உருத்திரிந்த தமிழ் இன்னும் ஒலிக்கிறது. தமிழ்த் தொடர்பைத் தேடுவோருக்குத் தெற்கே தக்குவாபா என்ற ஊரின் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. ஆனால் அது நக்கோன் சி தம்மராத் அருங்காட்சியகத்தில் இருப்பதால், அதற்குத் தனிப் பயணம் வேண்டும். இதில் அதைத் திணிக்காதீர்கள்.

வாட் போவில் எல்லோரும் 46 மீட்டர் நீளமுள்ள சயனப் புத்தரைப் பார்க்க முண்டியடிப்பார்கள். நீங்களும் பாருங்கள்; ஆனால் வெளியே வந்து, பச்சை ஓடு பதித்த பெரிய தூபியின் முன் சற்று நில்லுங்கள். அயுத்தயா அரண்மனைக் கோயிலான வாட் பிரா சி சன்பெத்தில் பொன் போர்த்தி நின்ற 16 மீட்டர் உயரப் புத்தரைப் பர்மியர் நெருப்பிட்டுப் பொன்னை உருக்கி எடுத்தார்கள் அல்லவா, அதில் எஞ்சிய உடலை முதலாம் இராமா இத்தூபிக்குள்தான் வைத்தார். மறுநாள் அயுத்தயாவில் வரிசையாக நிற்கும் மூன்று தூபிகளின் முன்னே வெறுந்தரையைப் பார்க்கும்போது, அங்கே இல்லாதது எது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அயுத்தயாவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான் என்று அரை நாளில் முடிப்பவர்கள், அரச மர வேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலையைப் படமெடுப்பதோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்கு எதிரிலேயே வாட் ராட்சபுரானா. பட்டத்துக்காக யானை மீதேறிப் போரிட்டு மடிந்த அண்ணன்மார் இருவரையும் எரித்த இடத்தில், 1424இல் அரியணை ஏறிய இளையவர் சாவ் சாம் பிரயா கட்டியது. 1957இல் திருடர்கள் அதன் கோபுரத்தைத் தோண்டி நிலவறைக்குள் புகுந்தார்கள். செங்குத்தான குறுகிய படிகளில் இறங்கினால், மங்கிய சுவரோவியங்கள் சூழ்ந்த வெற்றறையை இன்று காணலாம். பறிபோனது போக எஞ்சிய பொன், மணி பதித்த சிறு யானை உட்பட, அம்மன்னர் பெயரிலேயே 1961இல் திறக்கப்பட்ட உள்ளூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறையை முதலில் பார்த்துவிட்டுப் பொன்னைப் பாருங்கள்.

பிட்சனுலோக்கில் இறங்கிப் பேருந்தில் சுகோத்தாய் பழைய நகரை அடையலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும். வெறும் பீடத்தைப் பார்த்தபின் வாட் சி சூமுக்குச் செல்லுங்கள். கூரையிழந்த சதுர மண்டபத்தின் ஒடுங்கிய பிளவு வழியே, ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள அச்சனப் புத்தரின் முகம் தெரியும். அருகே செல்லச் செல்ல அவர் கை மட்டுமே கண்ணை நிறைக்கும். செங்கல்லும் சுதையுமாய் எழுந்தவரை எந்த அரசன் பெயர்த்துப் படகில் ஏற்றுவான்? வெண்கலச் சிலைகள் ஊர் விட்டுப் போக, இவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

திரும்பும் வழியில் பிட்சனுலோக்கின் பெரிய கோயிலில் சின்னராட் புத்தரைப் பாருங்கள். இவர் வெண்கலம்தான், ஆனாலும் போகவில்லை. பாங்காக்கில் பளிங்குக் கோயில் எழுப்பிய சூலாலங்கோன் மன்னர் இவரைக் கொண்டுவர விரும்பி, ஊராரின் பற்றைக் கருதி அதைக் கைவிட்டு, 1901இல் நகல் ஒன்றை வார்க்கச் செய்தார். விமானத்துக்கு முன் அரை நாள் மிச்சமிருந்தால், பாங்காக்கில் அந்த நகலையும் பார்த்துவிடலாம்.