சிவப்பு பூசிய கால் டாலர்

தலைவர் அவர்களே, பழைய ரேடியோக்களையும் கிராமபோன்களையும் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி இந்தக் கண்காட்சியை வைத்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

மதியத்திலிருந்து சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாவி கொடுக்கும் கிராமபோன் இருக்கிறது. வால்வு ரேடியோ இருக்கிறது. கல்யாண வீட்டு மைக்செட்டின் புனல் ஸ்பீக்கர்கூட ஒன்று இருக்கிறது. ஜூக்பாக்ஸ் மட்டும் இல்லை. இல்லாததைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி, பேசுகிறேன். காசு போட்டால் பாடும் பெட்டி அது. நான் அதைப் பார்த்ததும், அதற்குக் காசு அழுததும் அமெரிக்காவில், 1971இல்.

சிகாகோவிலிருந்து சில மணி நேரம் தள்ளி ஒரு பல்கலைக்கழக ஊருக்கு மின்பொறியியல் படிக்கப் போனேன். அந்தக் காலத்தில் வெளிநாடு போகிறவர் கையில் கொண்டுபோக ரிசர்வ் வங்கி அனுமதித்தது எட்டு டாலர். எட்டு டாலர் என்றால் 32 குவார்ட்டர். பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. அங்கே குவார்ட்டர் என்றால் கால் டாலர் நாணயம், அவ்வளவுதான். ஒரு குவார்ட்டருக்கு மூன்று பாட்டு. கொண்டுபோன காசு மொத்தத்தையும் போட்டிருந்தால் 96 பாட்டு கேட்டிருக்கலாம். முதல் மாதம் நான் கேட்டது மூன்றே மூன்று. அதில் ஒன்று விபத்து.

விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. டைனர் என்பார்கள். இரவு முழுக்கத் திறந்திருக்கும். லாரி ஓட்டுநர்கள், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள், எங்களைப் போலக் காசில்லாத மாணவர்கள், இவர்கள்தான் கூட்டம். பெட்டி வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும். அதன் குட்டி ஒவ்வொரு மேசைக்கும் மேலே சுவரில் இருக்கும். தகட்டுப் பக்கங்களைப் புரட்டினால் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளில் தட்டச்சு செய்த பாட்டுப் பெயர்கள். ஓர் எழுத்து, ஓர் எண், இரண்டையும் அழுத்த வேண்டும். எனக்கு அந்தப் பெயர்களில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எல்லாரும் போடுகிறார்களே என்று ஒருநாள் குவார்ட்டரைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

வந்தது போல்கா. அக்கார்டியன் வைத்து அடித்து நொறுக்கும் ஐரோப்பியக் கல்யாண நடனம். அந்தப் பகுதியில் போலந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும் நிறைய. அவர்களுக்காக ஒன்றிரண்டு தட்டு வைத்திருப்பார்கள். இரவு பதினொரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் முட்டை தின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசிப்போய்விட்டது. நிறுத்தவும் வழியில்லை. மூலையில் இருந்த ஒரு கிழவர் மட்டும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கப்புறம் இரண்டு வருடம் அந்தக் கடையில் என் பெயர் போல்கா.

நம்மூரில் அப்போது பாட்டு வேண்டுமென்றால் என்ன செய்வோம்? நேயர் விருப்பத்துக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்போம். பாட்டு வருவதற்கு முன்னால் இருபது பெயர் வாசிப்பார்கள். அதில் நம் பெயரும் வந்தால் பாட்டையே கேட்க மாட்டோம், பெயரைக் கேட்டதே போதும். டீக்கடையில் கேட்பது கடைக்காரர் வைத்த ஸ்டேஷன். ஜூக்பாக்ஸ் இந்த இரண்டிலும் சேராது. காசு ஒருவன் போடுகிறான், பாட்டை மொத்தக் கடையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். யார் போட்டது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவனுடைய ரசனை நாலு பேர் முன்னால் இப்படிச் சந்திக்கு வருவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெட்டி எப்படி வேலை செய்தது என்று சொல்லாமல் விட்டால் படித்த படிப்புக்கு மரியாதை இல்லை. உள்ளே நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் இசைத்தட்டுகள். ஏழு அங்குலம், நடுவில் பெரிய ஓட்டை. அலமாரியில் புத்தகம் அடுக்கியது போல நெட்டுக்குத்தாக நிற்கும். கீழே தண்டவாளம் மாதிரி ஒரு பாதை, அதில் ஒரு வண்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வரும். கேட்ட தட்டு வந்ததும் டக்கென்று நிற்கும். தட்டை இழுத்து, நின்ற வாக்கிலேயே சுழற்றும். ஊசி பக்கவாட்டில் வந்து தொடும். தட்டின் எந்தப் பக்கமானாலும் திருப்பிப்போட வேண்டியதில்லை. எல்லாம் கண்ணாடி வழியாகத் தெரியும். பாட்டு பிடிக்காவிட்டாலும் இதைப் பார்க்கவே ஒருவன் காசு போடுவான்.

எந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்பதை அது எப்படி நினைவு வைத்தது? ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சின்னக் காந்த வளையம். பொத்தானை அழுத்தினால் வளையத்தின் காந்த நிலை மாறும். வண்டி அந்த இடத்தைக் கடக்கும்போது வளையத்தைச் சோதிக்கும். மாறியிருந்தால் நின்று பாடும், வளையம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அன்றைய பெரிய கணினிகளுக்கும் இதே காந்த வளையம்தான் நினைவகம். காலையில் கரும்பலகையில் படித்ததை இரவில் வறுத்த உருளைக்கிழங்கோடு பார்த்தேன்.

இதனால் இரண்டு வேடிக்கை. முதலில் காசு போட்டவனுக்கு முதலில் பாட்டு என்ற நியாயம் அங்கே கிடையாது. வண்டி போகிற வழியில் யார் தட்டு முதலில் வருகிறதோ அதுதான் பாடும். நமக்கு முன்னால் மூன்று பேர் பாட்டு முடிந்துவிடும், நாம்தான் முதலில் போட்டிருப்போம். இரண்டாவது இன்னும் மோசம். நீங்கள் கேட்ட பாட்டு வருவதற்கு முன் பக்கத்து மேசைக்காரரும் அதையே கேட்டால், வளையம் ஏற்கெனவே மாறித்தான் இருக்கிறது. மறுபடி மாற ஒன்றுமில்லை. காசு இரண்டு, பாட்டு ஒன்று.

பனி கொட்டிய ஒரு ராத்திரி இதை வைத்தே ஒரு சண்டை. ஒரு லாரி ஓட்டுநர் தன் பாட்டு இன்னும் வரவில்லை என்று பெட்டியின் இடுப்பில் இரண்டு தட்டு தட்டினார். அதே பாட்டை அடுத்த மேசைக்காரர் முன்னமே போட்டிருந்தார், அது பாடியும் முடிந்திருந்தது. கடைக்காரம்மா காபிக் கூஜாவோடு வந்து, “இப்போது பாடியதே, அது உன் காதில் விழவில்லையா?” என்றார். விழுந்தது என்றார் அவர். “அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டு அந்தம்மா அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஓட்டுநருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

இந்தப் பெட்டி பிறந்தபோது இப்படி ஊரைக் கூட்டிப் பாடவில்லை என்பதுதான் வேடிக்கை. 1889 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பலே ராயல் என்ற மதுக்கடையில் லூயி கிளாஸ் என்பவர் எடிசனின் போனோகிராப் என்ற பாட்டுக் கருவிக்குக் காசுப் பொறி மாட்டி வைத்தார். ஸ்பீக்கர் கிடையாது. டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி நான்கு குழாய். ஐந்து சென்ட் போட்டு, குழாயைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். அடுத்தவர் துடைத்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு துண்டு தொங்கும். 1927இல் மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் பெட்டி வந்த பிறகுதான் பாட்டு குழாயை விட்டுக் கடை முழுக்கப் பரவியது. 1933இல் மதுவிலக்கு நீங்கி மதுக்கடைகள் திறந்ததும் பெட்டிக்கு யோகம். இப்போது என் பேரன் காதில் எதையோ செருகிக்கொண்டு சாப்பிட உட்காருகிறான். துண்டு தேவையில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஜூக் என்ற சொல் அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து வந்தது. ஆட்டமும் பாட்டமும் குடியுமாக இருந்த அவர்களுடைய கொட்டகைகளுக்கு ஜூக் ஜாயிண்ட் என்று பெயர். பெட்டி செய்த கம்பெனிக்காரர்களுக்கு அந்தப் பெயர் கௌரவக் குறைச்சல். தானியங்கி போனோகிராப் என்றே விளம்பரம் செய்தார்கள். ஊர் கேட்கவில்லை. ரேடியோ நிலையங்கள் கறுப்பினப் பாடகர்களை ஒதுக்கிய காலத்தில் அவர்களுடைய பாட்டு பெட்டிகளில் ஓடியது. பெட்டிக்காரர்களின் நல்ல மனசு காரணமில்லை. உள்ளே எந்தத் தட்டு எத்தனை தடவை ஓடியது என்று காட்ட ஒரு கணக்குக் கருவி உண்டு. வாரம் ஒருமுறை வந்து திறந்து பார்ப்பார்கள். ஓடாத தட்டு வெளியே, ஓடியது உள்ளே. கணக்கு அவ்வளவுதான்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அந்த மேசையில் 78 சுற்றுத் தட்டு வைத்திருக்கிறீர்களே, கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்குமே, அது அரக்கு கலந்து செய்தது. அரக்கில் பெரும்பகுதி போனது இந்தியாவிலிருந்து. சோட்டா நாக்பூர் பக்கம் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒரு சின்னப் பூச்சி சுரந்து வைப்பது. போர் வந்ததும் சரக்கு முடங்கியது. 1942இல் அமெரிக்க அரசு அரக்கைப் போர்த் தேவைக்கு ஒதுக்கி, இசைத்தட்டுக் கம்பெனிகளின் பங்கை வெட்டியது. பழைய தட்டைக் கொண்டுவந்தால்தான் புதுத் தட்டு என்று கடைகளில் சொன்னார்களாம். புதுப் பெட்டி செய்வதும் அந்த வருடமே நின்றது.

போர் முடிந்து 1946இல் வந்ததுதான் படங்களில் நீங்கள் பார்க்கும் அந்த வளைந்த பெட்டி, வுர்லிட்சர் 1015. பால் புல்லர் வடிவமைத்தது. ஐம்பத்தாறாயிரத்துக்கு மேல் விற்றது. கண்ணாடிக் குழாய்களில் குமிழி ஏறும், விளக்கு நிறம் மாறும். ஆடி மாதத்தில் சீரியல் செட் போட்ட அம்மன் பந்தல் மாதிரி இருக்கும். எனக்கு அதன் மேல் பெரிய மோகம் இல்லை. 24 பாட்டுதான் பாடும். 1948இல் சிகாகோவின் சீபர்க் கம்பெனி நூறு பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது, 1950இல் அது 45 சுற்றுத் தட்டுக்கு மாறியது. பொறியாளன் கண்ணுக்கு அதுதான் அழகு.

நாம் போட்ட காசு யாருக்குப் போனது என்று கேட்பீர்கள். பெட்டியின் சொந்தக்காரரும் கடைக்காரரும் பிரித்துக்கொள்வார்கள். பாட்டு எழுதியவருக்கு? 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி காசுப் பெட்டியில் ஓடும் பாட்டுக்கு உரிமைத்தொகை கிடையாது. நான் அங்கே இருந்த காலம் முழுக்க அப்படித்தான். 1976இல் சட்டத்தை மாற்றி, 1978 முதல் ஒரு பெட்டிக்கு ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தார்கள். எவ்வளவு தெரியுமா? எட்டு டாலர். நான் கொண்டுபோன அதே எட்டு டாலர்.

கடைசியாக ஒன்று. கடையில் ஆளில்லாத நேரத்தில் பெட்டி சும்மா நின்றால் உள்ளே வருகிறவருக்கும் காசு போடத் தோன்றாது. அதனால் கடைக்காரம்மா தானே போட்டுப் பாடவிடுவார். அதற்கென்று சில குவார்ட்டர்களில் சிவப்பு நகப்பூச்சு பூசி வைத்திருப்பார். அந்த ஊரில் பல கடைகளில் இந்த வழக்கம் உண்டு. பெட்டிக்காரர் வந்து காசை எண்ணும்போது சிவப்பு பூசியதைத் தனியே பொறுக்கிக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார். செமஸ்டர் விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விட, போக இடமில்லாமல் நான் மட்டும் உட்கார்ந்திருந்தால், அந்தம்மா மேசைமேல் ஒன்றைத் தள்ளிவிட்டு, “போல்கா, எதையாவது போடு” என்பார். போட்டுவிடுவேன், பெரும்பாலும் போல்காதான்.

1973இல் படிப்பு முடிந்து கிளம்பிய நாளும் ஒன்றைத் தள்ளினார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டேன். ஊர் வந்து துணிப்பெட்டியைப் பிரித்தபோதுதான் பார்த்தேன்.

ஜூக்பாக்ஸ் என்னால் கொண்டுவர முடியாது. இதோ, அந்தக் காசு. சிவப்பு பாதி உதிர்ந்துவிட்டது. அந்த அரக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். பார்ப்பவர்கள் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி வையுங்கள். அது இன்னும் அந்தம்மாவின் காசுதான்.