டெக்சாஸில் ஒரு யூனிட் 650 ரூபாய்: அந்த விலையைப் போட்டது யார்?

போன நிகழ்ச்சிக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. தேனியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "ஐயா, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவருக்குச் சில நாளைக்கு மட்டும் 12 லட்சம் ரூபாய் கரண்ட் பில் வந்ததாமே? மின்சாரத்தைத் தனியாரிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகுமா?"

பில் வந்தது உண்மைதான். 2021 பிப்ரவரியில், 16,000 டாலருக்கு மேல். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதி இருக்கிறதே, அதற்கு ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு.

டெக்சாஸில் 1999இல் ஒரு சட்டம் போட்டார்கள். அப்போது ஆளுநர் ஜார்ஜ் புஷ், பின்னால் ஜனாதிபதி ஆனாரே, அவர்தான். 2002 ஜனவரியிலிருந்து மாநிலத்தின் பெரும்பகுதியில் மின்சாரம் தயாரிப்பவர் வேறு, கம்பி வைத்திருப்பவர் வேறு, வீட்டுக்கு விற்பவர் வேறு. கம்பிக்காரர் மட்டும் ஊருக்கு ஒருவர், அவருடைய கட்டணத்தை மாநில அரசின் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும். விற்பவர்கள் பல பேர். என் தங்கை மகன் டாலஸ் பக்கம் இருக்கிறான். செல்போன் பேக் தேடுகிற மாதிரி உட்கார்ந்து தேடி, ஒரு வருடத்துக்கு ஒரே விலை என்கிற திட்டத்தை எடுத்திருந்தான். ராத்திரி மின்சாரம் இலவசம் என்றுகூடத் திட்டங்கள் உண்டு. கிரிடி என்று ஒரு நிறுவனம் இருந்தது. மாதம் 9.99 டாலர் கொடுத்தால் போதும், மொத்தச் சந்தையில் என்ன விலையோ அதையே உங்களுக்குத் தருவோம் என்றார்கள். மொத்த விலை பெரும்பாலும் யூனிட்டுக்குச் சில சென்ட்தான். லாபமான பேரம். அந்தப் பெரிய பில் இப்படிச் சேர்ந்த ஒருவருக்கு வந்ததுதான். இதில் வேடிக்கை, அந்தப் பிப்ரவரியில் வந்த பனிப்புயலுக்கு முன்னால் அந்த நிறுவனமே தன் வாடிக்கையாளர்களிடம் "தயவுசெய்து வேறு நிறுவனத்துக்குப் போய்விடுங்கள்" என்று கேட்டுக்கொண்டது. தன் கடைக்கு வராதே என்று சொன்ன கடைக்காரரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை!

சரி, விலை ஏன் அப்படி ஏறியது? தொடர்ந்து பார்ப்பவர்கள் சிரிப்பீர்கள், மறுபடியும் என் தராசுக் கதைதான். அரிசி விளைந்தால் குடோனில் போட்டு வைக்கலாம். மின்சாரத்தை ஒரு மாநிலத்துக்குப் போதும் அளவுக்கு அப்படிப் போட்டு வைக்க முடியாது. ஒரு தட்டில் உற்பத்தி, மறு தட்டில் உபயோகம், விநாடிக்கு விநாடி முள் நடுவில் நிற்க வேண்டும். அந்த முள் காட்டுவது அதிர்வெண், அதாவது மின்சாரம் விநாடிக்கு எத்தனை தடவை அலையடிக்கிறது என்பது. நம் ஊரில் அது 50 ஹெர்ட்ஸ், அவர்களுக்கு 60. பிப்ரவரி 15 அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன் கடும் குளிரில் மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்றன, முள் 59.3 வரை இறங்கியது. 59.4க்குக் கீழே நாலு நிமிடத்துக்கு மேல் கிடந்தது. ஒன்பது நிமிடம் ஆகியிருந்தால் மீதி நிலையங்களும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே கழன்றுகொண்டிருக்கும், மாநிலம் மொத்தமும் இருட்டு. அதைத் தடுக்கத்தான் எர்காட் என்கிற, மாநிலத்தின் பெரும்பகுதிக்கான மின் தொகுப்பை (கிரிட்) நடத்தும் நிர்வாகம் 20,000 மெகாவாட் வரை வெட்டியது. 45 லட்சம் வீடுகளுக்கு மேல் கரண்ட் இல்லை. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 20,000 மெகாவாட்டை வெட்டியதும் விலை போடுகிற கணினி என்ன நினைத்தது தெரியுமா? தேவை குறைந்துவிட்டது என்று நினைத்து, மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 1,200 டாலர் அளவுக்கு விலையை இறக்கியது! ஆணையம் பதறிவிட்டது. மக்கள் இருட்டில் நடுங்கும்போது விலை இறங்குவதா என்று, அன்றைய உச்சவரம்பான 9,000 டாலரிலேயே விலையை நிறுத்தும்படி உத்தரவு போட்டது. யூனிட்டுக்கு 9 டாலர், அன்றைய கணக்கில் ஏறக்குறைய 650 ரூபாய். சந்தையின் கொடுமை என்று உலகமே பேசிய விலை, ஆணையம் உத்தரவு போட்டுக் கட்டி வைத்த விலை. முதல் இரவு அப்படிச் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மின்வெட்டு முடிந்த பிறகும் முப்பது மணி நேரத்துக்கு மேல் அதே விலையில் வைத்திருந்தார்கள். சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு அந்த நீட்டிப்பை மட்டும் 16 பில்லியன் டாலர் பிழை என்று முதலில் கணக்கிட்டது. உத்தரவு ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான் என்று 2024இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகாரம் இருந்திருக்கலாம், எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை.

அப்புறம், விலையை எவ்வளவு ஏற்றினாலும், மின் நிலையங்களுக்கு வருகிற எரிவாயுக் குழாய் உறைந்து கிடந்தால் அதற்காக இளகுமா? இன்னொரு கூத்தும் நடந்தது. எரிவாயுவைத் தள்ளுகிற கம்ப்ரஸர்கள் சில கரண்டில் ஓடுபவை. வெட்டக்கூடாத இடம் என்று பதிவு செய்துகொள்ளாததால் அவற்றின் கரண்டையும் வெட்டிவிட்டார்கள். கரண்ட் இல்லாததால் வாயு வரவில்லை, வாயு வராததால் இன்னும் கொஞ்சம் கரண்ட் போனது.

தனியாரா அரசா என்று கேட்டீர்கள். ஆஸ்டின், சான் அன்டோனியோ இரண்டிலும் மின் நிறுவனம் நகராட்சிக்குச் சொந்தம். அங்கேயும் இருட்டுதான். அதே மாநிலத்தின் மேற்கு மூலையில் எல் பாசோ நகரம், அங்கே தனியார் நிறுவனம், பெரிய பாதிப்பே இல்லை. அது எர்காட்டில் இல்லை, மேற்குத் தொகுப்போடு இணைந்தது. பழைய பாணியில் உற்பத்தி முதல் பில் வரை ஒரே நிறுவனம், கட்டணம் ஆணையத்தின் கையில். 2011இலும் இதேபோல ஒரு குளிர் வந்தது. அதற்குப் பிறகு எல் பாசோ நிறுவனம் குளிரைத் தாங்கும்படி நிலையங்களைத் தயார் செய்தது, அந்தச் செலவைக் கட்டணத்தில் வாங்கிக்கொள்ள அதற்கு வழி இருந்தது. எர்காட் பகுதியில் அப்படிச் செலவழிக்க அப்போது கட்டாயமும் இருக்கவில்லை, சந்தையில் விற்கிற நிலையங்களுக்கு அது திரும்பி வரும் என்ற உறுதியும் இருக்கவில்லை.

அதனால் தேனி நண்பர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. சும்மா நிற்பதற்குக் கூலி கொடுப்பது யார்?

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் முகூர்த்த நேரத்துக்குக் கரண்ட் போனது. மண்டபத்து ஜெனரேட்டரைப் போய் முடுக்கினால், பேட்டரி செத்துக் கிடக்கிறது. மேனேஜரைக் கேட்டால், "ஆறு மாசமா கரண்டே போகலை சார், அதான் கவனிக்கலை" என்கிறார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஓடாத ஜெனரேட்டருக்கு யார் காசு தருகிறார்கள்? டெக்சாஸ் சந்தையும் அடிப்படையில் விற்ற யூனிட்டுக்குத்தான் காசு கொடுத்தது. வருடத்தில் சில மணி நேரம் மட்டும் ஓடுகிற நிலையம் பிழைக்க வேண்டுமென்றால் அந்தச் சில மணி நேரத்தில் விலை வானத்தைத் தொட வேண்டும். 9,000 டாலர் வரம்பு வைத்ததே அதற்காகத்தான்.

பிரிட்டன் 1990இல் மின்சாரத்தைச் சந்தையிடம் விட்ட, தாராளமயத்துக்கு வந்த நாடு. அவர்களே 2014இலிருந்து, கூப்பிட்டால் ஓடத் தயாராக நிற்பதற்கென்று தனியாக ஏலம் விடுகிறார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் பிஜேஎம் தொகுப்பிலும் இப்படி ஏலம் உண்டு. ஆனால் இதுவும் சும்மா வராது. அங்கே ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 29 டாலர் இருந்த கூலி, 2024 ஏலத்தில் 270 டாலர் ஆகிவிட்டது. அதுவும் மக்கள் பில்லில்தான் ஏறும்.

தங்கை மகனுக்குப் பெரிய பில் வரவில்லை, இரண்டு நாள் கரண்ட் வரவில்லை, அவ்வளவுதான். எதிர் வரிசை வீடுகள் ஆஸ்பத்திரி லைனில் இருந்ததால் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம், அதைப் பார்த்துக்கொண்டே குழந்தைக்கு மூன்று ஸ்வெட்டர் போட்டுவிட்டானாம். அந்தக் கோடையிலேயே ஒரு ஜெனரேட்டர் வாங்கி கராஜில் வைத்திருக்கிறான். போன மாதம் பேசும்போது, "ஒரு தடவையாவது ஸ்டார்ட் செய்து பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"பார்க்கணும் மாமா" என்றான்.